தங்கை பிஜி முதல் வருடம், வீட்டில் இருந்து நாம் என்ன செய்யலாம்?

அல்சூர்_அண்ணன்:
தங்கை இங்கே பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஜெனரல் சர்ஜரி பிஜி, அதாவது எம்பிபிஎஸ் முடித்த பிறகான மேற்படிப்பு, படிக்கிறாள். ஒரே ஊரில் இருந்தும் முகம் பார்ப்பது அரிது. அட்மிஷன் டே, அதாவது அவளுடைய யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் நாள், என்றால் காலையில் போகிறவள் மறுநாள் சாயங்காலம்தான் வெளியே வருகிறாள், அதற்கு மேல் தீசிஸ் வேறு. அம்மா சேலத்தில் இருந்து "சாப்பிட்டியா" என்று போன் போட, இவள் எரிந்து விழ, அப்புறம் இரண்டு பேரும் என்னிடம் புலம்பல். போன வாரம் "எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடட்டுமா" என்று கேட்டாள், விளையாட்டுக்கா நிஜமாகவா தெரியவில்லை. டியூட்டி நேரத்துக்கு விதி ஒன்றும் கிடையாதா? நான் போய் ஹெச்ஓடியிடம் (துறைத் தலைவரிடம்) பேசட்டுமா?

பழைய_ஜேஆர்:
தயவுசெய்து போகாதீர்கள். தீசிஸுக்கும், செய்த வேலையைக் குறித்து வைக்கும் லாக்புக்குக்கும் கையெழுத்து அங்கேதான் வாங்க வேண்டும், அண்ணன் வந்து சண்டை போட்டான் என்ற பேர் மூன்று வருடமும் கூடவே வரும். பேசுவதாக இருந்தால் முதல் வருடத்தினர் எல்லோரும் சேர்ந்து, டியூட்டி ரோஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

விதி இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபடியே படிக்கும் டாக்டர்களுக்கான 1992-ன் மத்திய ரெசிடென்சி திட்டத்திலேயே வாரம் 48 மணி நேரம், ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. 2023 பிஜி விதிமுறையோ "நியாயமான வேலை நேரம்" என்று எழுதி நழுவிவிட்டது. யாருடைய நியாயம் என்று யாரும் சொல்லவில்லை! ஆனால் வருடத்துக்கு 20 நாள் சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு அதில் உண்டு, கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 2024-ல் மருத்துவ மாணவர்களின் மனநலத்துக்காக தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு வாரம் 74 மணி நேரம்தான் உச்சவரம்பு என்றது, அது வெறும் பரிந்துரை.

கத்தி_பிடித்தவன்:
நாங்களும் இப்படித்தான் படித்து வந்தோம். சர்ஜரியில் கை பழக நேரம் வேண்டும், மணி பார்த்து வேலை செய்தால் கேஸ் கிடைக்காது.

பழைய_ஜேஆர்:
சார், ஆபரேஷன் தியேட்டரில் நின்றால் யார் கேட்கப்போகிறார்கள்? முதல் வருட ஜேஆரின் (ஜூனியர் ரெசிடென்ட்டின்) நேரம் ரத்த சாம்பிளை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதிலும், சிடி அறை வாசலில் காத்திருப்பதிலும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதிலும்தான் போகிறது. இதில் எந்தக் கை பழகும்? இதற்கு ஆள் போட்டாலே பாதி பாரம் குறையும். அதைச் செய்யாமல் மன அழுத்த வகுப்பு நடத்துவார்கள், அதையும் ராத்திரி டியூட்டி முடிந்து வரும் போஸ்ட்-டியூட்டி அன்று வைத்து வருகைப் பதிவு எடுப்பார்கள்.

ஜெயநகர்_மனநலம்:
அண்ணனுக்கு மட்டும் சொல்கிறேன். "விட்டுட்டு வந்துடட்டுமா" என்பதைச் சிரித்துக் கடக்காதீர்கள். வேலையை விடுவதைச் சொல்கிறாளா, வாழவே பிடிக்கவில்லையா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அந்தப் பணிக்குழு நடத்திய கணக்கெடுப்பில் பிஜி மாணவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே ஆஸ்பத்திரியின் மனநல ஓபிக்குப் போகச் சொன்னால் போக மாட்டாள், அங்கே உட்கார்ந்திருப்பது அவளுடைய பேட்ச்மேட்தான். வெளியே ஒருவரைப் பார்த்து வையுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

சீட்டை விட்டால் எவ்வளவு அபராதம் என்று, சேரும்போது எழுதிக் கொடுத்த பாண்டில் இப்போதே பார்த்துவிடுங்கள். வெளியே போக வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பலர் தாக்குப்பிடித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, 30 மணி நேரம் முழித்த பிறகு அவள் ஸ்கூட்டர் ஓட்டவே கூடாது. நீங்கள் போய்க் கூட்டி வாருங்கள், வழியில் எதுவும் கேட்காதீர்கள், வீட்டில் தூங்க விடுங்கள்.

அல்சூர்_அண்ணன்:
நன்றி. சனிக்கிழமை அட்மிஷன் டே, ஞாயிறு சாயங்காலம் நானே போகிறேன். அம்மாவிடம் போன் வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் போடு, அவள் முடிந்தபோது கேட்பாள் என்று சொல்லிவிட்டேன். 14416-க்கு வீட்டு ஆட்களும் கூப்பிடலாமா?

ஜெயநகர்_மனநலம்:
தாராளமாக. அவளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றே கேட்கலாம்.