மாதவிடாயோடு வரும் கால்வலி, எங்கே காட்டுவது?
சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், வயது 33. இரண்டு வருடமாக மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பே வலது பிட்டத்தில் தொடங்கும் வலி, தொடையின் பின்புறமாக இறங்கி குதிகால் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுக்கும். போன மாதத்திலிருந்து பாதத்தைச் சரியாகத் தூக்கவே வரவில்லை, செருப்பு தானாகக் கழன்று விழுகிறது.

முதுகுத்தண்டு எம்ஆர்ஐ எடுத்தாச்சு, டிஸ்க் சுத்தம். பிசியோ ஆறு மாதம். அம்மா நல்லெண்ணெய் போட்டு உருவியும் பார்த்தாச்சு. வயிற்று ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம், ஆனால் சியாட்டிக் நரம்பில் (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு) ஒட்டிய எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) அதில் தெரியாமல் போகலாம். எண்டோமெட்ரியோசிஸுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரை டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் மூன்று மாதமாகப் போடுகிறேன், வலி பாதி குறைந்திருக்கிறது, அதனால்தான் சந்தேகம் வலுக்கிறது.

ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ பெண்நோய் மருத்துவரும் நரம்பு மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் அரசு மருத்துவமனை எது?