புதுப்பிப்பு: ஹீலா செல்கள் மந்தமாக வளர்ந்த காரணம் தெரிந்துவிட்டது

முதுகலை ஆய்வுக்காக வளர்க்கும் ஹீலா செல்கள் (ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கப்படும் மனிதப் புற்றுநோய் செல்கள்) மெதுவாகப் பெருகுகின்றன, அவை வளரும் ஊட்டத் திரவமான ஊடகமோ தெளிவாகவே இருக்கிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். செல் வளர்ப்பில் தொற்றும் மிக நுண்ணிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவைச் சந்தேகப்படுங்கள் என்று சொன்னவர்களுக்கு நன்றி. அதேதான்.

டிஎன்ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும் ஹோக்ஸ்ட் சாயம் போட்டு ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தோம். உட்கருக்கள் மட்டும் பளிச்சென்று நீலமாகத் தெரிய வேண்டும். இங்கே அவற்றைச் சுற்றி சைட்டோபிளாசம் முழுக்கப் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள், அதாவது மைக்கோபிளாஸ்மாவின் டிஎன்ஏ. டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையும் உறுதி செய்தது.

"ஊடகத்தில் பென்சிலின் இருக்கிறதே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பென்சிலின் தடுப்பது செல்சுவர் உருவாவதை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது, அப்புறம் எதைத் தடுக்கும்? சுவர் இல்லாத அந்த நெகிழ்வால்தான் 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நுழைந்துவிடுகிறது. ஊடகம் கலங்குவதும் இல்லை, அதனால் கண்ணுக்குச் சிக்காது. கில்லாடி!

சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் காப்பாற்றலாம் என்றார்கள் சிலர். எளிதில் கிடைக்காத செல்வழி (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்க்கும் செல்கள்) என்றால் சரி. ஹீலாவுக்காக மெனக்கெடுவது வீண் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போட்டு அழித்துவிட்டுப் புதுக் குப்பி கேட்டிருக்கிறேன். திரவ நைட்ரஜனில் இருக்கும் பழைய குப்பிகளும் சோதனைக்குப் போகின்றன. அந்தச் செல்களில் எடுத்த ஆர்என்ஏ தரவையும் ஒதுக்கிவிட்டேன். மைக்கோபிளாஸ்மா தொற்றினால், அது தான் தொற்றிய செல்லின் மரபணு வெளிப்பாட்டையே (எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்பதையே) மாற்றிவிடும்.