டி606 சிப் போன் இழுக்கிறது. சிப்தான் காரணமா? உதவி தேவை

உப்புவெளி மாணவி:
வணக்கம். திருகோணமலை வளாகத்தில் படிக்கிறேன். என்.சி. வீதிப் பக்கம் ஒரு கடையில் போன வருடம் வாங்கிய போன். யூனிசொக் டி606 சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. வாங்கிய புதிதில் நன்றாக ஓடியது. இப்போது வாட்ஸ்அப் திறக்கவே நேரம் எடுக்கிறது. கேமராவை அழுத்தினால் கறுப்புத் திரைதான். ஜூம் வகுப்புக்கு நடுவில் பிடிஎஃப் ஒன்றைத் திறந்தால் வகுப்பு அறுந்துவிடுகிறது. திருத்தக் கொண்டுபோன இடத்தில் "சின்னக் கம்பனிச் சிப் தங்கச்சி, நாளைக்குக் கம்பனியே இருக்காது, மீடியாடெக் இல்லாட்டி ஸ்னாப்டிராகன் எடுங்கோ" என்றார்கள். எங்கள் அண்ணாவோ இந்தச் சிப்தான் பெரிய கம்பனிகளை விழுத்தப்போகிறது என்கிறார். புதுப் போனுக்கு இப்போது காசில்லை. யார் சொல்வது சரி?

சீனன்குடா:
சிப்பைப் பிறகு பார்ப்போம் தங்கச்சி. சேமிப்பில் எவ்வளவு இடம் மிச்சம்? அமைப்புகளில் ரேம் நீட்டிப்பு என்று ஒன்று இருக்கும், அது போட்டிருக்கா?

உப்புவெளி மாணவி:
2 ஜிபி கூட மிச்சமில்லை அண்ணா. ரேம் 4+4 என்று காட்டுகிறது.

சீனன்குடா:
சரி, அங்கேதான் கோளாறு. மலிவுப் போன்களில் பெரும்பாலும் இஎம்எம்சி வகைச் சேமிப்புத்தான் வரும். அது நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும். புதிதாக எதையாவது எழுத வேண்டுமென்றால் பழைய துண்டுகளை நகர்த்தி, அழித்து, பிறகுதான் எழுதும். ரேம் நீட்டிப்பு செய்வது என்ன? அந்தச் சேமிப்பிலேயே ஒரு பகுதியை ரேம் மாதிரிப் பாவிக்கிறது. ஏற்கெனவே திணறுகிற இடத்தில் இன்னும் வேலையை ஏற்றுகிறீர்கள். வகுப்பு அறுவதும் பெரும்பாலும் இதனால்தான். ரேம் போதாமல் ஆண்ட்ராய்டு பின்னால் நிற்கும் செயலியை நிறுத்திவிடுகிறது.

நீட்டிப்பை நிறுத்திவிட்டுப் போனை ஒருக்கா அணைத்துப் போடுங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பை நிர்வகி என்ற இடத்துக்குப் போனால் குழுக்களில் வந்த பெரிய வீடியோக்கள் வரிசையாகக் கிடக்கும். வேண்டியதைக் கணினிக்கு எடுத்துவிட்டு மிச்சத்தை அழியுங்கள். தானாகப் பதிவிறங்குவதையும் நிறுத்துங்கள். 10 ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

மூதூர்:
கடைக்காரர் சொன்னதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு நிறையப் பேரை வீணாகச் செலவழிக்க வைக்கிறது. சிப்பில் கணக்குச் செய்யும் பகுதியைக் கரு என்போம். டி606 இல் 2 கோர்டெக்ஸ் ஏ75 கருக்கள், 6 கோர்டெக்ஸ் ஏ55 கருக்கள், எல்லாம் 1.6 கிகாஹெர்ட்ஸ். மீடியாடெக்கின் ஹீலியோ ஜி85 இலும் அதே 2 ஏ75, அதே 6 ஏ55, வேகம் மட்டும் 2.0, 1.8. தயாரிப்பு முறையும் இரண்டுக்கும் 12 நானோமீட்டர்தான். கருக்களை வடிவமைத்தது ஆர்ம் என்ற கம்பனி, சிப்பை அச்சடிப்பது தைவானில் டிஎஸ்எம்சி. இப்படியிருக்க ஒன்று குப்பை, மற்றது தங்கம் என்று எப்படிச் சொல்வது? ஜி85 கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்.

யூனிசொக் கம்பனியும் நேற்று முளைத்ததல்ல. 2001 இல் ஷாங்காயில் ஸ்பிரெட்ட்ரம் என்று தொடங்கியது. தாய்க் கம்பனியான சிங்ஹுவா யூனிகுரூப் 2021 இல் கடனில் மூழ்கி நீதிமன்றம் வரை போனபோதும் சிப் வந்துகொண்டுதான் இருந்தது.

கிண்ணியா:
அப்ப உப்புவெளித் தங்கச்சியின் அண்ணா சொல்வது சரி என்கிறீர்களா? ஸ்னாப்டிராகன் செய்யும் குவால்கம் பயப்பட வேண்டுமா?

மூதூர்:
அடித்தட்டில் மீடியாடெக்குக்கு நெருக்கடி உண்மை. நோக்கியா ஜி21, சாம்சங் கேலக்ஸி ஏ03 போன்றவற்றிலேயே யூனிசொக் ஏறிவிட்டது. அந்த விலையில் ஒரு சிப்பில் சில டொலர் மிச்சம் பிடிப்பதுகூடப் போன் தயாரிப்பவருக்குப் பெரிய விஷயம். ஆனால் மேலே ஏற ஏறக் கதை வேறு. ஆர்மிடம் கரு வாங்கலாம், டிஎஸ்எம்சியிடம் அச்சடிக்கலாம், அது காசு கொடுக்கும் எல்லாருக்கும் திறந்த கதவு. உலகமெங்கும் ஒழுங்காக ஓடும் 5ஜி மோடத்தை, அதாவது வலையமைப்போடு பேசும் பகுதியை, அப்படி வாங்க முடியாது. கருவிலும் அப்படித்தான்: குவால்கம் 2021 இல் கரு வடிவமைக்கும் நூவியா கம்பனியையே வாங்கித் தன் சொந்தக் கருவை உருவாக்கியது. அந்தத் தூரம் இலேசில் குறையாது.

கன்னியா வீதி:
பழைய ஆள் ஒருவன் இடையில் வருகிறேன். 1997 இல் கொம்பேக் 999 டொலருக்கு ஒரு பிரசாரியோ கணினி விட்டது, உள்ளே சைரிக்ஸ் என்ற சின்னக் கம்பனியின் மீடியாஜிஎக்ஸ் சிப். அதுவரை அந்த விலையை இன்டெல் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1998 ஏப்ரலில் செலரோன் என்ற மலிவுச் சிப்பை இறக்கினார்கள். முதல் செலரோனில் எல்2 கேஷ் என்ற வேக நினைவகம் இல்லை, எல்லாரும் திட்டினார்கள், சில மாதங்களில் 128 கேபி சேர்த்துத் திரும்ப வந்தார்கள். சைரிக்ஸ் 1999 இல் வியா என்ற கம்பனிக்கு விற்கப்பட்டது. விழுந்தது சின்னவன்தான், ஆனால் மலிவுக் கணினி நிலைத்துவிட்டது. ஒரு வித்தியாசம்: சைரிக்ஸ் தன் கருவைத் தானே வடிவமைத்தது, தசமக் கணக்கில் அது பலவீனம், குவேக் விளையாட்டில் அடிபட்டது. யூனிசொக்குக்கு அந்தச் சுமை இல்லை.

சீனன்குடா:
தங்கச்சி, சிப் பக்கம் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 2022 இல் செக் பொயின்ட் ஆய்வாளர்கள் யூனிசொக் மோடத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள், திருத்தமும் வந்தது. அமைப்புகளில் ஆண்ட்ராய்டு பாதுகாப்புத் திருத்தத் திகதியைப் பாருங்கள்.

உப்புவெளி மாணவி:
நீட்டிப்பை நிறுத்தி, வீடியோக்களை அழித்து, 19 ஜிபி காலியாகிவிட்டது. கேமரா உடனே திறக்கிறது. வகுப்பில் பிடிஎஃப் திறந்து பார்த்தேன், அறவில்லை. பாதுகாப்புத் திகதி 2023 நவம்பர் என்று இருக்கிறது. புதுப்பிப்பைத் தேடினால் எதுவும் இல்லை என்கிறது.

சீனன்குடா:
அந்த 2022 ஓட்டை உங்கள் போனில் அடைபட்டுவிட்டது. 2023 நவம்பருக்குப் பிறகு வந்த ஓட்டைகளுக்குத் திருத்தம் வரவில்லை, ஆகவே வங்கிச் செயலி வைத்திருந்தால் பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து எதையும் ஏற்ற வேண்டாம். அடுத்த போன் எடுக்கும்போது கடையில் எத்தனை வருடம் பாதுகாப்புத் திருத்தம் வரும் என்று கேளுங்கள், சேமிப்பும் 128 ஜிபியாக இருக்கட்டும்.