புதுப்பிப்பு: எச்ஓ மாடல் ரயிலின் டீசல் இன்ஜின் கைப்பிடிக்கு எந்தக் கம்பி? விடை கிடைத்துவிட்டது

எச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்காக (1:87), செய்துகொண்டிருக்கும் டபிள்யூடிஎம்-2 என்ற இந்திய ரயில்வே டீசல் இன்ஜினின் மாடலுக்கு மோட்டார் சுற்றும் செம்புக் கம்பியில் கைப்பிடி போட்டால் விரல் பட்டதுமே வளைகிறது, வேறு என்ன போடலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் கிடார் கம்பி. விறைப்பு அருமை, ஆனால் வெட்டும்போது கட்டிங் பிளையரின் வாயில் பள்ளம் விழுந்துவிட்டது. தவிர நாங்கள் இருப்பது ராயபுரம், கடல் காற்றுக்கு எஃகு துருப்பிடிக்கும், அதனால் விட்டுவிட்டேன்.

சரியாக வந்தது பித்தளைக் கம்பிதான், 0.4 மி.மீ. நிஜ அளவுக்குப் பெருக்கினால் சுமார் 35 மி.மீ., பார்வைக்குப் பொருத்தமாக இருக்கிறது. சௌகார்பேட்டையில் வாங்கினேன். கடையில் கேஜ் (கம்பியின் தடிமன் எண்) சொல்லாமல் மி.மீ. சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் 28 கேஜ் என்றால் பிரிட்டிஷ் முறையான எஸ்டபிள்யூஜியில் 0.376 மி.மீ., அமெரிக்க முறையான ஏடபிள்யூஜியில் 0.32 மி.மீ.

கம்பி சுருளாகத்தான் வரும். நேராக்க இங்கே ஒருவர் சொன்ன வழிதான் கைகொடுத்தது: ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையைப் பிளையரால் பிடித்து, லேசாக நெகிழ்ந்து கொடுக்கிற வரை மெதுவாக இழுத்தால் ஈர்க்குச்சி மாதிரி நிமிர்ந்துவிடுகிறது.

எதிர்பாராத ஒன்று, பழைய செம்புக் கம்பியையும் அதேபோல் இழுத்துப் பார்த்தேன், அதுவும் விறைத்தது! கைப்பிடிக்குப் போதாது, ஆனால் பிரேக் குழாய் மாதிரி குட்டித் துண்டுகளுக்குப் போதும். மேலே இருக்கும் எனாமலைச் சுரண்டிவிட்டுப் பற்றவையுங்கள், இல்லாவிட்டால் ஈயம் ஒட்டாது.