ஊட்டிக்கு 'தி' கிடையாது, நீலகிரிக்கு மட்டும் ஏன்? ஆங்கிலத்தில் எழுத உதவி தேவை

குன்னூர் ஹோம்ஸ்டே:
வணக்கம். எங்கள் ஹோம்ஸ்டேயில் தங்கும் வெளிநாட்டு விருந்தினர்களுக்காக, ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அறைகளில் வைக்கப் போகிறேன். சில இடங்களில் சந்தேகம். மாவட்டத்தின் பெயர் 'தி நீல்கிரிஸ்' என்று இருக்கிறது. தேயிலை பாக்கெட்டில் 'நீல்கிரி டீ' என்று போடுகிறார்கள். தொட்டபெட்டா, பைக்காராவுக்கெல்லாம் 'தி' வருமா?

இன்னொன்று, மலை ரயிலைப் பற்றி 'தி டிரெயின் ஹேஸ் ஸ்டார்ட்டட் இன் 1899' என்று எழுதினேன். 'ஹேஸ்' வேண்டாம் என்கிறாள் மகள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோத்தகிரி டீச்சர்:
நல்ல கேள்வி அண்ணா. தமிழில் 'தி' மாதிரி ஒரு சொல்லே கிடையாது. அதனால் காதுக்குச் சரியாகப் படுகிறதா என்று பார்த்து எழுத முடியாது, பெயர் எந்த வகை என்று பார்க்க வேண்டும். மலைத்தொடர் என்றால் 'தி' வரும்: தி நீல்கிரிஸ், தி வெஸ்டர்ன் காட்ஸ். தனிச் சிகரத்துக்கு வராது, வெறும் தொட்டபெட்டா போதும். ஆற்றுக்கு வரும், ஏரிக்கு வராது. ஆகவே பைக்காரா ஆற்றைச் சொன்னால் 'தி பைக்காரா', ஏரியைச் சொன்னால் 'பைக்காரா லேக்'. ஊர்ப் பெயருக்குப் பொதுவாக 'தி' கிடையாது.

'நீல்கிரி டீ' என்பதில் நீல்கிரி வெறும் அடைமொழி. எந்த டீ என்று சொல்ல வந்ததால் 'தி'யும் போகிறது, கடைசி 'ஸ்' எழுத்தும் போகிறது. நீல்கிரி தார் என்று வரையாட்டைச் சொல்வதும் இப்படித்தான். ஆனால் 'தி நீல்கிரி மவுன்டன் ரயில்வே' என்று எழுதுங்கள். அந்தத் 'தி' ரயில்வேக்கு உரியது, நீலகிரிக்கு இல்லை.

இனி 1899. உங்கள் மகள் சொல்வது சரி. முடிந்துபோன ஆண்டைக் குறிப்பிட்டுவிட்டால் அங்கே 'ஹேஸ்' வராது. மேட்டுப்பாளையத்திலிருந்து பாதை குன்னூர் வந்தது 1899, ஊட்டியை எட்டியது 1908. இரண்டுமே நடந்து முடிந்த சம்பவங்கள்: 'தி லைன் ரீச்ட் குன்னூர் இன் 1899 அண்ட் ஊட்டி இன் 1908.' அன்று தொடங்கியது இன்றுவரை தொடர்கிறது என்று சொல்ல வரும்போதுதான் 'ஹேஸ்' வேண்டும். இந்த ரயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 2005-இல், இன்றும் அதில் இருக்கிறது: 'இட் ஹேஸ் பீன் ஆன் தி யுனெஸ்கோ லிஸ்ட் சின்ஸ் 2005.'

நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பது என் கருத்து. '1908 முதல் ஊட்டிக்கு ஓடுகிறது' என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். அதை அப்படியே 'இஸ் ரன்னிங் ஃப்ரம் 1908' என்று எழுதினால் ஆங்கிலத்தில் உதைக்கும். 'ஹேஸ் பீன் ரன்னிங் சின்ஸ் 1908' என்று இருக்க வேண்டும். தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்', கால அளவைச் சொன்னால் 'ஃபார்': 'ஃபார் மோர் தன் எ ஹண்ட்ரட் இயர்ஸ்.'

ஊட்டி டாக்சி:
டீச்சர், நானும் ஒன்று கேட்கிறேன். வண்டியில் ஏறுகிறவர்களிடம் 'டுடே கிளைமேட் இஸ் குட்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரிதானே?

கோத்தகிரி டீச்சர்:
இன்றைக்கு வெயிலா மழையா என்பது 'வெதர்', தம்பி. வருடக்கணக்கில் ஓர் இடத்தின் தட்பவெப்பம் எப்படி என்பதுதான் 'கிளைமேட்'. 'ஊட்டி ஹேஸ் எ கூல் கிளைமேட்' சரி. அங்கேயும் 'ஊட்டி இஸ் ஹேவிங்' வேண்டாம். நிலையாக உள்ளதைச் சொல்ல 'ஹேஸ்' போதும்.

கொடைக்கானல் வாசகர்:
எங்கள் பக்கமும் இதே விதிதானா? 'தி பழனி ஹில்ஸ்', 'கொடைக்கானல் லேக்' என்று எழுதலாமா? 'கோக்கர்ஸ் வாக்' என்ற நடைபாதைக்கு என்ன செய்வது?

கோத்தகிரி டீச்சர்:
முதல் இரண்டும் சரி. கோக்கர்ஸ் வாக்குக்கு 'தி' வேண்டாம். கோக்கருடைய என்று பொருள்படும் சொல் முன்னால் நிற்கிறதே, 'தி' உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துவிட்டது. குன்னூர் அண்ணா, உங்கள் சிம்ஸ் பார்க், லாம்ப்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ் மூன்றும் இதே வகை. எழுதி முடித்ததும் பக்கத்தை இங்கே போடுங்கள், வரி வரியாகப் பார்த்துவிடலாம்.