530 பக்க வரலாற்று ஆய்வேட்டை 300 பக்கத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

தாதுவருடம்76:

அனைவருக்கும் வணக்கம். சேலம் மாவட்டத்தில் 1876–78 பஞ்சம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே பகுதிநேரமாகச் செய்யும் ஆய்வு என்பதால் ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. 2022 ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைப்படி சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள்தாம் கெடு; மறுபதிவு செய்து நீட்டிக்கலாம் என்றாலும் அதற்கு நான் விரும்பவில்லை. முழு வரைவை நெறியாளரிடம் கொடுத்தபோது, இரண்டு வாரம் வைத்திருந்து படித்துவிட்டு, "உழைப்பு தெரிகிறது, ஆனால் வாதம் தெரியவில்லை, 300 பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள்" என்று முதல் பக்கத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். மூன்று மாத அவகாசம் தந்திருக்கிறார்.

இயல்களின் அளவைச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பஞ்சங்களின் வரலாறு 62 பக்கம், இரயத்துவாரி (குடியானவரிடம் அரசு நேரடியாக வரி வாங்கும்) நிலவரி முறை 70, மழை பொய்த்ததும் விலையேற்றமும் 68, நிவாரணப் பணிகளும் முகாம்களும் 96, டெம்பிள் கூலி (நிவாரணப் பணியாளர்களுக்குக் குறைக்கப்பட்ட கூலி) பற்றிய விவாதம் 74, இலங்கைக்குப் புலம்பெயர்வு 82, பஞ்ச ஆணையமும் பஞ்ச விதித்தொகுப்பும் 48. முன்னுரையும் முடிவுரையும் சேர்ந்து 30.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோடை விடுமுறைகளை எல்லாம் கழித்து, வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளைப் பென்சிலால் படியெடுத்தவள் நான். தொட்டால் ஓரம் உதிரும் தாள்கள் அவை. அவற்றிலிருந்து எடுத்த ஒவ்வொரு செய்தியும் வேறெங்கும் அச்சில் வராதது என்ற எண்ணம் இருப்பதால் எதையும் நீக்கக் கை வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

எழும்பூர் வாசகர்:

வணக்கம் அம்மா. முப்பது ஆண்டுகள் வரலாற்றுத் துறையில் நெறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் நெறியாளர் எழுதிய இரண்டு பகுதிகளில் முதற்பகுதியைத்தான் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். 300 என்ற எண்ணை விட "வாதம் தெரியவில்லை" என்பதே அவருடைய உண்மையான குறை. பக்கத்தை மட்டும் குறைத்துக்கொண்டு போனால் அதே சொற்களோடு வரைவு மறுபடியும் திரும்பி வரும்.

ஆகவே கோப்பைத் திறக்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில், உங்கள் ஆய்வேடு எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதை இரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள். உங்கள் பட்டியலைப் பார்த்த அளவில், சென்னை மாகாண அரசும் கல்கத்தாவிலிருந்த இந்திய அரசும் போட்ட உத்தரவுகள் சேலம் மாவட்டத்து வட்டங்களில் எப்படி நடைமுறைக்கு வந்தன என்பதே அந்தக் கேள்வியாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. அது சரியானால், நிவாரணப் பணிகள் பற்றிய நான்காம் இயல்தான் உங்கள் ஆய்வேட்டின் உயிர். அதிலிருந்து ஒரு பக்கத்தையும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.

முதல் இயலுக்கு இந்த ஆய்வேட்டில் இடமில்லை. 1769–70 வங்காளப் பஞ்சத்தையும் 1833 குண்டூர்ப் பஞ்சத்தையும் 1866 ஒரிசாப் பஞ்சத்தையும் பற்றி நீங்கள் எழுதுவது பிறர் நூல்களிலிருந்து தொகுத்ததாகவே இருக்க முடியும். ஒரிசாவில் அரசு தலையிடத் தவறியதும் 1873–74 இல் வங்காளம், பீகாரில் டெம்பிள் தாராளமாகச் செலவிட்டதற்காகக் கண்டிக்கப்பட்டதும் பிறகு அவர் சென்னையில் காட்டிய கடுமைக்குப் பின்னணி என்பதால், அவை இரண்டும் மட்டும் சில பக்கங்களில் இருந்தால் போதும். இரயத்துவாரி இயலையும் அதே கண்ணோடு பாருங்கள். அந்த முறையைப் பரப்பிய தாமஸ் மன்றோ காலத்திலிருந்து தொடங்க வேண்டிய தேவை இல்லை. 1876 இல் ஒரு புன்செய்க் குடியானவர் மீது என்ன வரிச்சுமை இருந்தது, பஞ்ச காலத்தில் தள்ளுபடி எப்படி நடந்தது என்பதே வேண்டும்.

டெம்பிள் கூலி விவாதம் உங்களுக்குப் பிடித்தமான பகுதியாக இருக்கலாம், ஏனென்றால் அது நாடகம் போல் அமைந்த வரலாறு. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்ற அளவுக்குக் கூலியைக் குறைத்ததும், சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அந்த அளவு உழைப்பாளியின் உடலைத் தாங்காது என்று எதிர்த்து எழுதியதும் பலரும் விரிவாக எழுதிவிட்ட செய்திகள். 74 பக்கம் செலவிட்டாலும் அங்கே புதிதாக எதையும் சேர்ப்பது கடினம். அந்தக் கூலிக் குறைப்பு உத்தரவு சேலத்து முகாம்களுக்கு வந்து சேர்ந்த பிறகு வருகைப் பதிவில் என்ன மாறியது என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. விவாதத்தை இருபது பக்கத்தில் முடித்துவிட்டு அதற்கு வாருங்கள்.

புலம்பெயர்வு இயலை முழுவதுமாக வெளியே எடுத்துத் தனிக் கட்டுரையாக வெளியிடலாம் என்பது என் கருத்து. அது வேறொரு ஆய்வு.

ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள். எதை வெட்டுகிறீர்கள், எதைக் காக்கிறீர்கள், ஏன் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, வெட்டத் தொடங்கும் முன் நெறியாளரிடம் காட்டிக் கையொப்பம் பெறாவிட்டாலும் ஒப்புதல் பெற்றுவிடுங்கள். மூன்று மாதம் உழைத்த பிறகு "அந்த இயலை ஏன் எடுத்தீர்கள்" என்ற கேள்வி வரக் கூடாது.

மெய்ப்புத்தாள்:

நான் வரலாற்றாளன் அல்லன்; பல ஆண்டுகளாக ஆய்வேடுகளையும் நூல்களையும் செப்பனிட்டுக் கொடுப்பவன். பேராசிரியர் ஐயா சொன்னதை எல்லாம் செய்து முடித்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தமிழ் ஆய்வேட்டு நடையில் ஒரு வழக்கம் ஊறிக் கிடக்கிறது. உதாரணத்துக்கு நானே எழுதிக் காட்டுகிறேன்:

"இங்ஙனம் நிவாரணப் பணிகளில் ஈடுபடுத்தப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்டு வந்த கூலியானது, முன்னர் வழங்கப்பட்டு வந்த கூலியின் அளவோடு ஒப்பிட்டு நோக்கும்போது குறைக்கப்பட்டதாகவே அமைந்திருந்தது என்பதை மேற்கண்ட சான்றுகளின் வாயிலாக நம்மால் அறிந்துகொள்ள முடிகின்றது."

இதில் உள்ள செய்தி, "1877 தொடக்கத்தில் நிவாரணப் பணியாளர்களின் கூலி குறைக்கப்பட்டது" என்பதுதான். முதல் வாக்கியத்தில் காலம் கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நீளம் கூடியும் செய்தி குறைந்திருக்கிறது. உங்கள் கோப்பில் "குறிப்பிடத்தக்கது", "அறிய முடிகிறது", "புலனாகிறது", "கூறலாம்" ஆகிய நான்கையும் தேடிப் பாருங்கள். அவை வரும் இடங்களில் பெரும்பாலும் வாக்கியத்தின் பின்பாதியை அப்படியே எடுத்துவிடலாம், பொருள் சிதையாது.

இன்னொன்று, ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் "இவ்வியலில் இன்னின்ன ஆராயப்படுகின்றன" என்று ஒரு முன்னுரையும், முடிவில் அதையே திருப்பிச் சொல்லும் தொகுப்புரையும் வைப்பது நம் வழக்கம். இரண்டையும் ஒவ்வொரு பத்தியாகச் சுருக்கினால் ஏழு இயலுக்குச் சேர்த்து முப்பது பக்கம் வரை குறையும் என்பது என் அனுபவம். ஆவண மேற்கோள்களிலும் அப்படித்தான். ஒரு கலெக்டரின் கடிதத்தை முக்கால் பக்கம் தந்துவிட்டு, அடுத்த பத்தியில் அதையே உங்கள் சொற்களில் மறுபடி சொல்லியிருந்தால் இரண்டில் ஒன்று போக வேண்டும். கடிதத்தின் சொற்களே சான்றாக நிற்கும் இடத்தில் கடிதத்தை வையுங்கள். மற்ற இடங்களில் உங்கள் ஒரு வரியும் அடிக்குறிப்பும் போதும்.

எழுத்தளவைச் சிறிதாக்குவது, வரி இடைவெளியை நெருக்குவது போன்ற வழிகளை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். படிப்பவருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

சொல் எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜில் வரலாற்று முனைவர் ஆய்வேட்டுக்கு 80,000 சொற்கள், ஆக்ஸ்ஃபோர்டில் 1,00,000 சொற்கள் என்று உச்ச வரம்பு உண்டு. அந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாக வருவது நம்மிடம் "சென்றிருக்கமாட்டார்கள்" என ஒரே சொல்லாக நிற்கிறது. ஆகவே ஒரு இலட்சம் தமிழ்ச் சொற்கள் என்பது நீங்கள் நினைப்பதை விட நீண்ட ஆய்வேடு.

மாத்தளைப் பாதை:

வணக்கம். நான் கண்டியில் இருந்து எழுதுகிறேன்; மலையகத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் ஆய்வு செய்பவன். பேராசிரியர் ஐயாவின் மற்ற கருத்துகள் அனைத்தையும் ஏற்கிறேன். புலம்பெயர்வு இயலை வெளியே எடுக்கச் சொன்னதை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது, அதுவும் அந்த இயல் எனக்கு வேண்டியது என்பதற்காக அல்ல.

சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் சுமார் 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881 இல் அது சுமார் 16 இலட்சம். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இந்த இரண்டு எண்களும் சகோதரியின் ஆய்வேட்டில் எங்கோ ஓரிடத்தில் கட்டாயம் வந்தாக வேண்டும். அப்படி வரும்போது, குறைந்த மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் இறந்தவர்கள் எத்தனை பேர், ஊரைவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர், பஞ்ச ஆண்டுகளில் பிறக்காமலே போன குழந்தைகளால் ஏற்பட்ட குறைவு எவ்வளவு என்ற கேள்வி தேர்வாளரிடமிருந்து வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியாகவே வரும். புலம்பெயர்வைத் தொடாமல் அதற்கு விடை சொல்ல இயலாது. நிவாரண முகாமில் இருந்து நீங்கியவர் ஊருக்குத் திரும்பினாரா, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு இராமநாதபுரக் கரைக்குப் போய்ப் படகேறி மன்னாரில் இறங்கி, வடக்குப் பாதையில் மாத்தளை வரை நடந்தாரா என்பதும் முகாம் வரலாற்றின் ஒரு பகுதியே.

ஆனால் 82 பக்கம் தேவையில்லை என்பதில் ஐயமில்லை. கோப்பித் தோட்டங்களின் வளர்ச்சி, 1869 இல் காணப்பட்ட இலைநோய், கங்காணி முறையின் தோற்றம் ஆகியவை எங்கள் பக்கத்து வரலாறு. அவற்றை ஓர் அடிக்குறிப்பில் சுட்டிவிட்டு நகரலாம். சேலத்திலிருந்து யார், எந்த வட்டங்களிலிருந்து, எந்த மாதங்களில் போனார்கள் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, "மக்கள்தொகை இழப்பு" என்ற தலைப்பில் ஓர் இயலாக மாற்றினால் ஆய்வேட்டின் வாதத்துக்கு அது வலுச் சேர்க்கும்.

எழும்பூர் வாசகர்:

கண்டி நண்பர் சொல்வது சரி. அந்த இயலை அது இப்போது இருக்கும் வடிவத்தில் வைத்து யோசித்துவிட்டேன். கணக்கெடுப்பு எண்களோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். அம்மா, அவர் சொன்னபடியே செய்யுங்கள். முகாமை விட்டு நீங்கியவர்கள் பற்றிய பதிவு உங்களிடம் இருந்தால் அதுவே நான்காம் இயலையும் இந்தப் புதிய இயலையும் இணைக்கும்.

தாதுவருடம்76:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உடனே பதில் எழுதாமல் பத்து நாள் வேலை செய்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

வெள்ளைத் தாளில் இரண்டு வாக்கியம் எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. இறுதியில் வந்தது இதுதான்: "சேலம் மாவட்டத்தில் பஞ்ச நிவாரணத்தின் அளவை முடிவு செய்தவை மேலிடத்து உத்தரவுகள் மட்டுமல்ல, அவற்றை வட்ட அளவில் செயல்படுத்தியவர்களும், கூலி குறைந்தபோது முகாமை விட்டு வெளியேறியவர்களும் அதை மாற்றினார்கள். அந்த மாற்றத்தின் தடம் 1881 கணக்கெடுப்பு வரை தெரிகிறது." இதை எழுதிய பிறகு முதல் இயலைப் படித்துப் பார்த்தேன். 62 பக்கத்தில் இந்த இரண்டு வாக்கியங்களோடு தொடர்புள்ளவை ஆறு பக்கங்கள்தாம் இருந்தன. மனம் வலித்தது என்பதை மறைக்கவில்லை, ஆனால் மற்ற பக்கங்களைத் தனிக் கோப்பில் சேமித்துவிட்டு எடுத்துவிட்டேன்.

"குறிப்பிடத்தக்கது" என்ற சொல் 212 இடங்களில் இருந்தது. ஒன்பது இடங்களில் மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

பேராசிரியர் ஐயா கேட்ட பதிவு என்னிடம் இருக்கிறது. முகாம்களின் வாரக் கணக்கில் வந்தவர், நீங்கியவர், இறந்தவர் என்று மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) உண்டு. இவ்வளவு நாளும் இறந்தவர் பத்தியை மட்டுமே பார்த்து எழுதியிருக்கிறேன்; நீங்கியவர் பத்தியைப் பிற்சேர்க்கையில் அப்படியே போட்டுவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். அதைப் பிற்சேர்க்கையிலிருந்து எடுத்து இயலுக்குள் கொண்டுவருகிறேன். பக்கத்தைக் குறைக்கச் சொன்ன இடத்தில் இது ஒன்றுதான் கூடுகிறது.

புதிய திட்டப்படி பின்னணி அனைத்தும் சேர்த்து 26 பக்கம், விலையேற்றம் 50, நிவாரணப் பணிகள் 90, கூலி விவாதம் 22, மக்கள்தொகை இழப்பு 40. 1880 இல் அறிக்கை தந்த ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் முடிவுரைக்குள் நான்கு பக்கமாகப் போய்விட்டது. முன்னுரை, முடிவுரையோடு 260 பக்கத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இந்த ஒரு பக்கத் திட்டத்தை நேற்று நெறியாளரிடம் காட்டினேன். கூலி விவாதத்தைச் சுருக்கியதற்கு மறுப்புச் சொல்வார் என்று அஞ்சினேன். அவர் "நீங்கியவர்" என்று நான் எழுதியிருந்த வரியின் கீழ்க் கோடிட்டு, "இந்தப் பத்தி எல்லா முகாம்களுக்கும் கிடைக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். ஓசூர், தருமபுரி வட்டங்களுக்கு என் குறிப்பில் சில வாரங்கள் விடுபட்டிருக்கின்றன. அடுத்த வாரம் எழும்பூர் போகிறேன்.