மெடிகேப்புக்கு இருப்பது ஆறே மாதம்: எங்கள் வீட்டில் நடந்தது

ஹூஸ்டனிலிருந்து:

என் கணவருக்கு 65 ஆனதும் மெடிகேர் அட்டை வந்தது. மெடிகேர் என்பது 65 ஆனவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவ இன்சூரன்ஸ். பார்ட் ஏ ஆஸ்பத்திரிக்கு, பார்ட் பி டாக்டருக்கு. பார்ட் பி 80 சதவீதம்தான் தரும், மீதி 20 நம் தலையில், அதற்கு உச்சவரம்பும் கிடையாது என்பது தெரிந்தே இருந்தது. அந்த மீதிக்காகத்தான் மெடிகேப் பாலிசியைத் தனியாக விற்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த ஏஜெண்ட், பிரீமியமே இல்லாத ஒரு மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தைக் காட்டினார். அரசு தருவதற்குப் பதிலாகத் தனியார் கம்பெனி நடத்துவது அது. பல், கண்ணாடி, ஜிம் எல்லாம் உண்டு. பிடிக்காவிட்டால் அக்டோபரில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அந்த ஒரு பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டோம்.

மூன்றாம் ஆண்டில் நெஞ்சுவலி, இரண்டு ஸ்டென்ட். அவர் நம்பிப் பார்த்துவந்த இருதய டாக்டர் அந்தத் திட்டத்தின் பட்டியலிலிருந்து விலகிவிட்டார். சரி, நவம்பரில் அரசே நேரடியாகத் தரும் ஒரிஜினல் மெடிகேருக்கே திரும்பி ஒரு மெடிகேப் எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கம் முழுக்கக் கேள்விகள். இரண்டு ஆண்டுக்குள் இருதய சிகிச்சை உண்டா? ஆம். இன்சுலின் போடுகிறீர்களா? ஆம். சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொரு கட்டமாக டிக் அடித்துக்கொண்டே வந்தவர், நான்காவது ‘ஆம்’ முடிந்ததும் பேனாவை மூடி ஓரமாக வைத்துவிட்டார். மிச்சக் கேள்விகளை நான்தான் நிரப்பினேன். பத்து நாளில் ஒரு பக்கக் கடிதம் வந்தது, தர இயலாது என்று.

அப்புறம்தான் முழு விஷயமும் புரிந்தது. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை ஆண்டுதோறும் வரும் கெடு, அட்வான்டேஜ் திட்டங்களுக்கும் மருந்துக்கான பார்ட் டி-க்கும் உரியது. மெடிகேப்புக்கு அது பொருந்தாது. 65 நிறைந்து, பார்ட் பி தொடங்கும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து ஆறு மாதம், அவ்வளவுதான். அதற்குள் எந்த வியாதி இருந்தாலும் மறுக்க முடியாது, வியாதியைக் காட்டி அதிகப் பிரீமியம் கேட்கவும் முடியாது. பழைய வியாதிக்குச் சில மாதம் காத்திருக்கச் சொல்லலாம். ஏற்கெனவே வேறு இன்சூரன்ஸ் இடைவிடாமல் இருந்திருந்தால் அதுவும் குறையும். முதல்முறையாக அட்வான்டேஜில் சேர்ந்தவர்கள் 12 மாதத்துக்குள் மனம் மாறினால் திரும்பி வர வழி உண்டு. எங்களுக்கு அதுவும் தாண்டிப்போயிருந்தது.

உங்கள் வீட்டில் எப்படி நடந்தது என்று எழுதுங்கள். இங்கே 64 வயதில் இருப்பவர்கள் பலர் படிக்கிறார்கள்.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து:

அக்கா, படித்ததும் மனசு கனத்தது. என் கதை வேறு. நான் 68 வரை வேலையில் இருந்தேன். கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தது, கம்பெனியில் 20 பேருக்கு மேல் இருந்தார்கள், அதனால் அபராதம் இல்லாமல் பார்ட் பி-யைத் தள்ளிப்போட முடிந்தது. ரிட்டயர் ஆக மூன்று மாதம் இருக்கும்போதே இரண்டு படிவங்களை எடுத்துக்கொண்டேன். சிஎம்எஸ்-40பி நாம் நிரப்புவது, எல்564 கம்பெனி நிரப்பிக் கையெழுத்திட்டுத் தருவது. எச்ஆர் மேஜையில் அது மூன்று வாரம் கிடந்தது, நேரில் போய் நின்றுதான் வாங்கினேன். இரண்டையும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கொடுத்தேன்.

ஜூலை 1 பார்ட் பி தொடங்கியது. அதே தேதியிலிருந்து மெடிகேப்பில் ஒரு வகையான பிளான் ஜி. எனக்கு இருபது வருடச் சர்க்கரை, ஒரு பைபாஸ். உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பார்ட் பி-யைத் தள்ளிப்போட்டால் அந்த ஆறு மாதமும் கூடவே தள்ளிப்போகும். வேலையில் இருக்கும்போதே “இருக்கட்டும்” என்று பார்ட் பி எடுத்து வைப்பவர்களுக்குத்தான் அந்த ஆறு மாதம் தெரியாமலே கழிந்துவிடுகிறது.

வேலை முடிந்தபின் கம்பெனி இன்சூரன்ஸைச் சிறிது காலம் நாமே பணம் கட்டித் தொடரும் கோப்ராவை, வேலை இன்சூரன்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை முடிந்தபின் பார்ட் பி எடுக்க எட்டு மாதம்தான். கோப்ரா கையில் இருந்தாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் கோட்டைவிட்டார். தாமதமான ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடுதல், பார்ட் பி இருக்கும்வரை கட்ட வேண்டும்.

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியாவிலிருந்து:

எங்கள் அம்மா கிரீன் கார்டில் வந்தவர். ஐந்து ஆண்டு இங்கே தொடர்ந்து இருந்தபிறகுதான் மெடிகேரில் சேர முடிந்தது. அம்மாவோ அப்பாவோ இங்கே வேலை பார்த்ததில்லை. பிள்ளைகள் கட்டிய வரி பெற்றோர் கணக்கில் சேராது. அதனால் பார்ட் ஏ-வுக்கே 2025-இல் மாதம் 518 டாலர் கட்டினோம், பார்ட் பி-க்கு 185. மெடிகேப் வேண்டுமென்றால் இரண்டுமே இருந்தாக வேண்டும். அம்மாவுக்கு அப்போது 71. பார்ட் பி தொடங்கி ஆறு மாதத்துக்குள் கேட்டதால் மறுக்கவில்லை, வயதுக்கேற்ற பிரீமியம்தான் கூடுதல்.

ஊருக்குப் போகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவில் அநேகமாக எதுவும் தராது. பிளான் ஜி (G), பிளான் என் (N) போன்ற மெடிகேப் வகைகள் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு 250 டாலர் டிடக்டிபிள் (முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை) போக 80 சதவீதம் தரும். பயணத்தின் முதல் 60 நாளுக்குள் நேர்ந்திருக்க வேண்டும், வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். கும்பகோணத்தில் மூன்றாம் வாரம் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரே வரியில் மொத்தத் தொகை எழுதி பில் தந்தார்கள். என் தம்பி மறுபடியும் போய் மருந்து, அறை, டாக்டர் கட்டணம் என்று பிரித்து எழுதி, சீல் வைத்து வாங்கிவந்தான். டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதை அனுப்பிய பிறகே பணம் வந்தது.

குவீன்ஸ், நியூயார்க்கிலிருந்து:

எங்கள் மாநிலத்தில் ஆண்டு முழுவதும் எப்போது கேட்டாலும் மெடிகேப் தந்தாக வேண்டும். கனெக்டிகட்டிலும் அப்படித்தான். விலை அதிகம், ஆனால் கதவு மூடாது. பிள்ளைகளோடு இருக்க வேறு மாநிலத்துக்குக் குடிபோக நினைப்பவர்கள் அந்த ஊர்ச் சட்டத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. இந்த ஆகஸ்டில் எனக்கு 65 ஆனது. இந்தத் தடவை ஏஜெண்ட் யாரையும் கூப்பிடவில்லை. ஷிப் என்று மாநிலத்துக்கு மாநிலம் இலவச ஆலோசனை இருக்கிறது, அவர்கள் எதையும் விற்பதில்லை. அங்கே ஒரு அம்மா பொறுமையாக உட்கார்ந்து சொன்னார்: பிளான் ஜி என்றால் எந்தக் கம்பெனியிலும் ஒரே பயன்தான், விலைதான் வேறு. பார்ட் பி டிடக்டிபிள் மட்டும் நம் கையிலிருந்து போகும், 2025-இல் அது 257 டாலர். மருந்துக்குப் பார்ட் டி தனி. பிளான் எஃப் என்ற இன்னொரு மெடிகேப் வகை பற்றியும் கேட்டேன், 2020 ஜனவரி 1 முதல் 65 ஆனவர்களுக்கு அது இல்லையாம். இந்த வருட விலையோடு, சென்ற சில வருடங்களில் எவ்வளவு ஏற்றினார்கள் என்றும் கேட்கச் சொன்னார். ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி 31 வரை என் கெடு. முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டேன்.

என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்து இப்போது இரண்டு ஆண்டு தாண்டிவிட்டது. கம்பெனிக்குக் கம்பெனி கேள்விகள் மாறும் என்றார்கள். அதனால் இன்னொரு இடத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். கையில் பாலிசி வரும்வரை இப்போதிருக்கும் திட்டத்தை விடப்போவதில்லை. பதில் வந்ததும் எழுதுகிறேன்.